பெற்றோர் இல்லாமல் கனடா செல்லும் பிள்ளை: கஸ்டோடியன் படிவம் முதல் டொராண்டோ விமான நிலையம் வரை

தாய் தந்தை ஊரில் இருக்க, பிள்ளை மட்டும் டொராண்டோவில் சித்தி வீட்டிலோ மாமா வீட்டிலோ தங்கிப் பள்ளிப்படிப்பைத் தொடர்வது தமிழ்க் குடும்பங்களுக்குப் புதிதல்ல. ஆனால் கல்லூரி மாணவர் விசாவுக்கே பழகிய ஏஜெண்டுகள் பலருக்கு இந்தக் கோப்பு பிடிபடுவதில்லை. வங்கியில் பணம் இருக்கும், பள்ளியில் இடம் கிடைத்திருக்கும், ஒரே ஒரு நோட்டரி முத்திரை தவறான ஊரில் வாங்கப்பட்டிருக்கும். அதற்காக ஒரு கல்வியாண்டே போய்விடும்.

கீழே உள்ளவை 18 வயது நிரம்பாத பிள்ளைக்கானவை. பெற்றோர் இருவரும் கனடாவில் இல்லை, பிள்ளை ஒன்டாரியோவில் பள்ளியில் சேரப்போகிறது என்று வைத்துக்கொண்டு எழுதியது. க்யூபெக் தவிர மற்ற மாகாணங்களில் குடிவரவு விதிகள் இவையேதான். பள்ளி, தடுப்பூசி விதிகள் மட்டும் மாறும்.

கல்வி வாரியம், விசா அதிகாரி, விமான நிறுவனம், எல்லை அதிகாரி, மருத்துவமனை என்று எல்லோரும் கேட்கப்போவது ஒரே கேள்விதான்: இந்தப் பிள்ளைக்கு அங்கே யார் பொறுப்பு, அந்தப் பொறுப்பை அவரிடம் கொடுத்தது யார்? எந்தத் தாளை எடுத்தாலும் அதற்கு ஒரே பெயர், ஒரே முகவரி, ஒரே பதில் இருக்க வேண்டும். கோப்பு முழுவதையும் இதை மையமாக வைத்தே கட்டுங்கள்.

1. உங்களுக்குப் பொருந்தும் வழி எது?

பெரும்பாலான குடும்பங்களுக்கு உள்ள வழி ஸ்டடி பெர்மிட். இது கனடாவில் படிப்பதற்கான தற்காலிக அனுமதி. நிரந்தர வசிப்புரிமை (பி.ஆர்) அல்ல, தானாக அப்படி மாறவும் மாறாது. இதை வீட்டில் எல்லோரும், பிள்ளையும் சேர்த்து, தெளிவாகப் புரிந்துகொண்ட பிறகே அடுத்த அடி எடுத்து வையுங்கள்.

தாய் தந்தை இருவருமே இறந்துவிட்ட பிள்ளைக்கு வேறு கதவு இருக்கிறது. கனடாவில் குடியுரிமையோ பி.ஆரோ உள்ள அண்ணன், அக்கா, தாத்தா, பாட்டி, மாமா, சித்தப்பா, அத்தை போன்ற இரத்த உறவினர், 18 வயதுக்குட்பட்ட, திருமணமாகாத அந்தப் பிள்ளையைக் குடும்பப் பிரிவில் ஸ்பான்சர் செய்யலாம். பெற்றோரில் ஒருவர் உயிரோடு இருந்தாலும் இந்த வழி மூடிவிடும். அவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாது என்பதும் ஏற்கப்படாது.

இரண்டு தவறான யோசனைகள் உறவுக்காரர்களிடமிருந்து நிச்சயம் வரும். "நாங்களே தத்தெடுத்துக் கூப்பிட்டுக்கொள்கிறோம்" என்பது ஒன்று. குடிவரவுக்காகவே செய்யப்படும் தத்தெடுப்பு செல்லாது என்று கனடாவின் விதிகள் நேரடியாகச் சொல்கின்றன. பெற்ற தாய் தந்தை அதே ஊரில் நன்றாக இருக்கும்போது அதிகாரியை நம்பவைக்க முடியாது. "விசிட்டர் விசாவில் வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பது மற்றொன்று. ஆறு மாதத்துக்கு மேல் படிக்க ஸ்டடி பெர்மிட் வேண்டும், அதைப் புறப்படும் முன்பே வாங்க வேண்டும். சுற்றிப்பார்க்க வருகிறது என்று சொல்லிப் பள்ளிப் பையோடு இறங்கும் பிள்ளையை எல்லையில் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். அந்த நிலைக்கு ஒரு குழந்தையை ஆளாக்காதீர்கள்.

2. கஸ்டோடியன் யார்?

17 வயதுக்குட்பட்ட பிள்ளை பெற்றோர் துணையின்றிப் படிக்கச் சென்றால் கஸ்டோடியன், அதாவது கனடாவில் பெற்றோர் இடத்திலிருந்து பிள்ளைக்குப் பொறுப்பேற்கும் பெரியவர், கட்டாயம். 17 வயது ஆனவர்களுக்கு அது அதிகாரியின் முடிவு. பள்ளிகள் 18 வரை கேட்பதால் அவர்களும் கொடுத்துவிடுவதே நல்லது.

கஸ்டோடியனுக்கு 19 வயதாவது ஆகியிருக்க வேண்டும். கனடியக் குடிமகனாகவோ பி.ஆர் உள்ளவராகவோ இருக்க வேண்டும். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். டொராண்டோவில் ஐந்து வருடமாக இருக்கும் அக்கா மகன், நல்ல வேலை, சொந்தக் கார், ஆனால் கையில் இருப்பது வொர்க் பெர்மிட். அவர் கஸ்டோடியன் ஆக முடியாது. அவருடைய பி.ஆர் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது என்பதும் போதாது.

கஸ்டோடியன் வீடும் பிள்ளை தங்கும் இடமும் பள்ளியும் ஓடிப்போய்ச் சேரும் தூரத்தில் இருக்க வேண்டும். பிள்ளை ஸ்கார்பரோவில், பெயருக்குக் கையெழுத்துப் போடும் மாமா ஒட்டாவாவில் என்றால் அந்தக் காகிதத்தை யாரும் மதிக்க மாட்டார்கள். உறவினர் இல்லாதவர்களுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு கஸ்டோடியனாக இருப்பவர்களும் உண்டு. அவர்களிடம் எத்தனை பிள்ளைகளுக்குப் பொறுப்பேற்றிருக்கிறீர்கள், நள்ளிரவில் போன் செய்தால் யார் எடுப்பார்கள் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

உறவினரிடம் கையெழுத்துக் கேட்கும் முன் அவர் எதை ஏற்கிறார் என்பதையும் சொல்லிவிடுங்கள். பள்ளியிலிருந்து வரும் அழைப்பு, மருத்துவமனை, பெற்றோர் கூட்டம், காய்ச்சலில் படுத்தால் விடுப்பு எடுப்பது, எல்லாம் அவர் தலையில்தான். வீட்டில் இருக்கும் இன்னொருவருக்கும் சம்மதம் இருக்க வேண்டும். சித்தப்பா சரி என்று சொல்லி, சித்திக்குத் தெரியாமல் நடந்த ஏற்பாடு பிள்ளையைத்தான் சுடும்.

3. பள்ளி இடம்

செப்டம்பரில் வகுப்பு தொடங்க வேண்டுமானால் ஜனவரியிலேயே வேலையைத் தொடங்குங்கள். ஒன்டாரியோவில் பொதுப் பள்ளிகளில் நேராகப் போய்ச் சேர முடியாது. கல்வி வாரியத்தின் சர்வதேச மாணவர் பிரிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பெரிய வாரியங்களில் ஆண்டுக் கட்டணம் சுமார் 15,000 முதல் 18,000 கனடிய டாலர். விண்ணப்பக் கட்டணம் தனி, அது திரும்பி வராது. ஆண்டுக் கட்டணம் முழுவதையும் கட்டிய பிறகே பெரும்பாலும் சேர்க்கைக் கடிதம் தருவார்கள். விசா மறுக்கப்பட்டால் நிர்வாகச் செலவு போக மீதியைத் திருப்பித் தருவார்களா, எத்தனை நாளுக்குள் மறுப்புக் கடிதத்தைக் காட்ட வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு பணம் அனுப்புங்கள்.

கல்லூரி மாணவர்களுக்குத் தேவைப்படும் மாகாண உறுதிக் கடிதம் பள்ளிப் பிள்ளைகளுக்கு வேண்டாம். வெளிநாட்டு மாணவரைச் சேர்க்க அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளுக்குத் தரப்படும் டி.எல்.ஐ. எண்ணும் பள்ளிகளுக்குக் கிடையாது. இவை இல்லை என்று சொல்லி யாராவது தனியாகப் பணம் கேட்டால் ஏமாறாதீர்கள்.

தமிழ்நாட்டுப் பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை: விசா கைக்கு வரும்வரை ஊர்ப் பள்ளியில் டி.சி. வாங்காதீர்கள். விண்ணப்பத்துக்கு மதிப்பெண் பட்டியலும் போனஃபைடு சான்றிதழும் போதும். டி.சி. வாங்கிய பிறகு விசா மறுக்கப்பட்டு, ஜூலையில் பதினொன்றாம் வகுப்புக்குப் பள்ளி தேடி அலைவது கொடுமை.

4. ஐ.எம்.எம். 5646: கோப்பின் உயிர்

இதுதான் கஸ்டோடியன் உறுதிமொழிப் படிவம். இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் கஸ்டோடியன் கையெழுத்திட வேண்டும், அதற்குக் கனடாவில் உள்ள நோட்டரி சான்றளிக்க வேண்டும். இரண்டாம் பக்கத்தில் பெற்றோர் கையெழுத்திட வேண்டும், அதற்குப் பெற்றோர் வாழும் நாட்டு நோட்டரி சான்றளிக்க வேண்டும். ஒரு முத்திரை அங்கே, ஒரு முத்திரை இங்கே. இரண்டு பக்கத்தையும் சென்னையிலேயே முடித்துவிடுவது, அல்லது கஸ்டோடியன் மட்டும் கையெழுத்திட்டு முத்திரை இல்லாமல் ஸ்கேன் அனுப்புவது, இவைதான் அடிக்கடி நடக்கும் பிழைகள்.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். முதலில் பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, கஸ்டோடியன் முகவரி ஆகியவற்றைக் கணினியில் ஒருவரே தட்டச்சு செய்து, அதே கோப்பை இரண்டு பக்கத்தாரும் அச்செடுக்கட்டும். கையால் நிரப்பினால் ஒரு பக்கத்தில் 'அபார்ட்மெண்ட் 1204', மறுபக்கத்தில் வெறும் தெருப் பெயர் என்று ஆகிவிடும். கஸ்டோடியன் நோட்டரியிடம் போகும்போது பாஸ்போர்ட் அல்லது பி.ஆர் கார்டை எடுத்துச் செல்ல வேண்டும். கையெழுத்தை நோட்டரியின் முன்னால்தான் போட வேண்டும். ஒன்டாரியோவில் கமிஷனர் ஆஃப் ஓத்ஸ், அதாவது உறுதிமொழி வாங்க அதிகாரம் பெற்றவர், கட்டணம் குறைவாக வாங்குவார். ஆனால் அவர் முத்திரை நோட்டரி முத்திரைக்கு ஈடாகாது.

ஊரில் நீதிமன்ற வாசலில் மேசை போட்டிருக்கும் நோட்டரியிடம் போவதில் தவறில்லை. அவர் முத்திரையில் பெயர், பதிவு எண், உரிமக் காலம் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆளைப் பார்க்காமலே முத்திரை குத்திக் கொடுப்பவரிடம் வாங்காதீர்கள். இலங்கையில் இருப்பவர்கள் சமாதான நீதவானிடம் வழக்கமாகச் சான்று வாங்குவீர்கள். இந்தப் படிவத்துக்கு நொத்தாரிசிடமே செல்லுங்கள்.

அப்பா துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலையில் இருந்தால்? அம்மா ஊர் நோட்டரியிடமும், அப்பா தாம் இருக்கும் நாட்டு நோட்டரியிடமும் அதே இரண்டாம் பக்கத்தின் தனித்தனிப் பிரதியில் கையெழுத்திட்டு, இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். ஏன் இரண்டு பிரதி என்று விளக்கக் கடிதத்தில் ஒரு வரி எழுதுங்கள். "அவர் லீவில் வரும்போது போடட்டும்" என்று காத்திருந்து மே மாதம் ஆகிவிடும் குடும்பங்கள் நிறைய.

படிவத்துடன் கஸ்டோடியன் தர வேண்டியவை: குடியுரிமைச் சான்று அல்லது பி.ஆர் கார்டின் இரு பக்கம், முகவரிக்கு ஒரு பில், வேலை மற்றும் வருமானத்துக்கான கடிதம், பிள்ளையோடு என்ன உறவு, எந்த அறையில் தங்கும், பள்ளிக்கு எப்படிப் போகும் என்று சொல்லும் ஒரு பக்கக் கடிதம்.

5. பெற்றோரில் ஒருவர் இல்லை என்றால்

இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ். வாரிசுச் சான்றிதழ் அதற்கு மாற்றாகாது. விவாகரத்து என்றால் பிள்ளையின் காவல் யாரிடம் என்று சொல்லும் நீதிமன்ற உத்தரவு. உத்தரவில் இருவருக்கும் உரிமை இருந்தால் மற்றவரின் கையெழுத்தும் வேண்டும். வெறுமனே பிரிந்து வாழ்கிறவர்களுக்குத்தான் சிக்கல் அதிகம்: பேச்சுவார்த்தை இல்லை என்பதற்காக அவர் சம்மதம் தேவையில்லை என்று ஆகாது. வக்கீலைப் பார்த்துக் குடும்ப நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கும் காலத்தையும் கணக்கில் சேருங்கள்.

தாத்தா பாட்டி வளர்க்கும் பிள்ளை என்றால், வளர்ப்பதாலேயே அவர்கள் சட்டப்படி பாதுகாவலர் ஆகிவிட மாட்டார்கள். இந்தியாவில் 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டத்தின்படி மாவட்ட நீதிமன்றம் நியமித்திருந்தால்தான் இரண்டாம் பக்கத்தில் அவர்கள் கையெழுத்திடலாம்.

6. பெயரும் இனிஷியலும்

கனடியப் படிவத்தில் குடும்பப் பெயர், இயற்பெயர் என்று இரண்டு கட்டம். நம் பிள்ளைகளின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் பெரும்பாலும் காலி. அப்படியிருந்தால் பாஸ்போர்ட்டில் உள்ள முழுப் பெயரையும் குடும்பப் பெயர் கட்டத்தில் எழுதி, இயற்பெயர் கட்டத்தைக் காலியாக விட வேண்டும். அப்பா பெயரை நீங்களாக எடுத்துச் சேர்க்காதீர்கள். விமான டிக்கெட்டிலும் பாஸ்போர்ட் பெயரே வர வேண்டும். ஒற்றைப் பெயரை டிக்கெட்டில் எப்படிப் பதிய வேண்டும் என்று விமான நிறுவனத்திடமே கேட்டு எழுதுங்கள்.

பிறப்புச் சான்றிதழில் 'ஆர். கவின்', பாஸ்போர்ட்டில் 'கவின் ராஜேந்திரன்', அப்பாவின் ஆதாரில் 'ராஜேந்திரன் எம்', பாஸ்போர்ட்டில் 'முருகேசன் ராஜேந்திரன்' என்று இருப்பது நமக்குச் சாதாரணம். அங்கே உட்கார்ந்து பார்க்கும் அதிகாரிக்கு இவர்கள் நான்கு பேர். பிள்ளையின் இரண்டு பெயரும் ஒருவருடையதே, அப்பாவின் இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று நோட்டரி முன் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி வைத்துவிடுங்கள். பிறப்புச் சான்றிதழ் தமிழிலோ சிங்களத்திலோ மட்டும் இருந்தால் சான்று பெற்ற ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும்.

இந்தியாவில் சிறுவர் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டு அல்லது 18 வயது, எது முந்துகிறதோ அதுவரை செல்லும். ஸ்டடி பெர்மிட் பாஸ்போர்ட் காலத்தைத் தாண்டிப் போகாது. ஒன்றரை வருடமே மிச்சம் இருந்தால் இப்போதே புதுப்பித்துவிடுங்கள்.

7. பணத்தைக் காட்டுவது

2025 செப்டம்பர் 1 முதல் க்யூபெக் தவிர்த்த மாகாணங்களில் ஒரு மாணவரின் ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கு 22,895 கனடிய டாலர் காட்ட வேண்டும். பள்ளிக் கட்டணமும் பயணச் செலவும் அதற்கு மேல். சித்தி வீட்டில் வாடகை இல்லை, சாப்பாடும் அங்கேயே என்றால் அதைக் கடிதத்தில் எழுதுங்கள். ஆனால் அதை நம்பித் தொகையைக் குறைத்துக் காட்டாதீர்கள்.

வங்கிக் கணக்கு விவரம் கடைசி நான்கு மாதத்துக்கு வேண்டும். விண்ணப்பிப்பதற்கு முந்தின வாரம் கணக்கில் திடீரென்று 12 லட்சம் ஏறியிருந்தால் அது கடன் வாங்கிக் காட்டிய பணம் என்றுதான் நினைப்பார்கள். நகைக் கடனோ நிலம் விற்ற பணமோ என்றால் அதற்கான பத்திரத்தை உடன் வையுங்கள். வருமான வரித் தாக்கல், சம்பளச் சீட்டு, தொழில் பதிவு ஆகியவை மாதாமாதம் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைக் காட்டும். சொத்து மதிப்பீட்டுச் சான்றிதழ்களைக் கட்டுக்கட்டாக வைப்பதைவிட இவையே உதவும்.

இந்தியாவிலிருந்து பணம் அனுப்ப ரிசர்வ் வங்கியின் வரம்பு நிதியாண்டுக்கு ஒருவருக்கு 2,50,000 அமெரிக்க டாலர். உங்கள் செலவு அதற்குள் அடங்கிவிடும். பெற்றோர் கணக்கிலிருந்தே நேராகக் கல்வி வாரியத்துக்கு அனுப்பி ரசீது வாங்குங்கள். உறவினர் கணக்குக்கு அனுப்பி அவர் கட்டினால் யார் பணம் என்று விளக்கவே இன்னொரு கடிதம் வேண்டியிருக்கும்.

8. விண்ணப்பம்

எல்லாம் இணையவழி. ஸ்டடி பெர்மிட் கட்டணம் 150 கனடிய டாலர். 14 வயது நிரம்பியவர்களுக்கு பயோமெட்ரிக் கட்டணம் 85 டாலர். அதற்குக் குறைந்த வயதுப் பிள்ளைக்குக் கைரேகை கிடையாது, அந்தக் கட்டணத்தையும் கட்டாதீர்கள். 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்காகப் பெற்றோரே கையெழுத்திடலாம். விண்ணப்பத்தைக் கனடாவில் இருக்கும் உறவினர் பணம் வாங்காமல் கையாளுகிறார் என்றால் பிரதிநிதிப் படிவம் ஐ.எம்.எம். 5476 தேவை. பணம் வாங்குகிறவர் உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகராகவோ வழக்கறிஞராகவோ இருக்க வேண்டும். ஆலோசகர்களின் பெயர்ப் பட்டியல் அவர்களுடைய ஒழுங்குமுறை அமைப்பின் தளத்தில் இருக்கிறது, தேடிப் பாருங்கள்.

விளக்கக் கடிதம் ஒன்றரைப் பக்கம் போதும். ஏன் இந்தப் பிள்ளை, ஏன் இப்போது, ஏன் இந்தப் பள்ளி, ஊரில் கிடைக்காத எது அங்கே கிடைக்கிறது, பெற்றோர் எவ்வளவு நாளுக்கொரு முறை போய்ப் பார்ப்பார்கள், படிப்பு முடிந்தபின் திட்டம் என்ன. "உலகத்தரக் கல்வி" என்பது போன்ற வாசகங்களை எடுத்துவிடுங்கள். எல்லாக் கடிதத்திலும் அதுவே இருக்கிறது. எதிர்காலத்தில் பி.ஆர் ஆசை இருப்பது குற்றமல்ல. அனுமதிக் காலம் முடிந்தால் திரும்பிவிடுவார் என்று அதிகாரி நம்ப வேண்டும், அவ்வளவுதான். பொய்த் தாள் ஒன்று அகப்பட்டால் ஐந்து ஆண்டுத் தடை. அது பிள்ளையின் பெயரில் விழும்.

மருத்துவப் பரிசோதனையை விண்ணப்பிக்கும் முன்பே முடித்துவிடலாம். இந்தியா, இலங்கை இரண்டிலிருந்தும் ஆறு மாதத்துக்கு மேல் தங்கச் செல்வோருக்கு இது வேண்டும். கனடா அங்கீகரித்த பேனல் மருத்துவரிடம் மட்டுமே செல்லுபடியாகும். நெஞ்சு எக்ஸ்ரே 11 வயதிலிருந்து, ரத்தப் பரிசோதனை 15 வயதிலிருந்து. முடிவு 12 மாதம் செல்லும். அதனால் இரண்டு வருடம் முன்பே போய்ப் பரிசோதிப்பதில் பயனில்லை.

9. தடுப்பூசி அட்டை

இதை ஊரிலேயே சரிசெய்தால் அங்கே பெரிய அலைச்சல் மிச்சம். ஒன்டாரியோவில் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசிச் சட்டம் உண்டு. பதிவு முழுமையாக இல்லையென்றால் 20 பள்ளி நாட்கள் வரை இடைநீக்கம் செய்யலாம்.

நம் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் போடுவது எம்.ஆர், அதாவது தட்டம்மையும் ரூபெல்லாவும். அங்கே கேட்பது எம்.எம்.ஆர். பொன்னுக்குவீங்கி அம்மைக்கான பகுதி நம் பிள்ளையின் அட்டையில் இருக்காது. தனியார் மருத்துவர் ஒன்பதாம் மாதத்தில் எம்.எம்.ஆர் போட்டிருந்தாலும், முதல் பிறந்தநாளுக்கு முன் போட்டதை அங்கே கணக்கில் எடுக்க மாட்டார்கள். இலங்கைப் பிள்ளைகளுக்கும் ஒன்பது மாத எம்.எம்.ஆர் ஊசி இப்படித்தான். 2010இலோ அதற்குப் பின்போ பிறந்தவர்களுக்குச் சின்னம்மை ஊசி இரண்டு டோஸ் வேண்டும். நம் அரசுத் திட்டத்தில் அது இல்லை. மூளைக்காய்ச்சல் தரும் மெனிங்கோகாக்கல் கிருமிக்கான ஊசியும் இல்லை. அங்கே ஏழாம் வகுப்பில் அந்தக் கிருமியின் நான்கு வகைக்கும் சேர்த்துப் போடுவார்கள். பத்து வயதில் பள்ளியில் போட்ட டி.டி. ஊசியில் கக்குவான் பாதுகாப்பு கிடையாது. அங்கே கேட்பது அதுவும் சேர்ந்த டிடாப். 2016 ஏப்ரல் 1 முதல் வாயில் விட்ட போலியோ சொட்டு கனடாவில் கணக்கில் வராது. ஊசி வழிப் போலியோ டோஸ்களைத்தான் எண்ணுவார்கள்.

குழந்தை மருத்துவரிடம் இந்தப் பட்டியலைக் காட்டி, புறப்பட மூன்று நான்கு மாதத்துக்கு முன் தொடங்குங்கள். இரண்டு டோஸ்களுக்கு நடுவே இடைவெளி வேண்டும். எல்லாவற்றையும் ஒரே ஆங்கில அட்டையில் தேதி, மருந்தின் பெயர், மருத்துவர் முத்திரையோடு எழுதி வாங்குங்கள். தேதி இல்லாமல் 'போடப்பட்டது' என்று மட்டும் இருந்தால் திரும்பப் போடச் சொல்வார்கள்.

10. பயணம்

சென்னையிலிருந்தும் கொழும்பிலிருந்தும் டொராண்டோவுக்கு நேர் விமானம் இல்லாததால் எங்காவது ஒரு மாற்றம் உண்டு. தனியே பயணிக்கும் சிறுவர் சேவை பல விமான நிறுவனங்களில் 5 முதல் 11 வயது வரை கட்டாயம், அதற்கு மேல் விருப்பம். சில நிறுவனங்கள் விமானம் மாற வேண்டிய பயணத்துக்கு இந்தச் சேவையைத் தருவதே இல்லை. நடுவில் நீண்ட நேரம் காத்திருக்க வேண்டியிருந்தால் ஏற்காதவர்களும் உண்டு. டிக்கெட் எடுத்தபின் கேட்பதில் பயனில்லை. முதலில் போன் செய்து சேவையை உறுதி செய்துகொண்டு, பிறகு டிக்கெட். முதல் முறை யாராவது ஒரு பெரியவர் கூடப் போய் விட்டு வர முடியுமானால் அதுவே என் பரிந்துரை. ஆனால் அவருக்குத் தனி விசா வேண்டும். அதையும் முன்கூட்டியே போடுங்கள்.

சேவைப் படிவத்தில் அங்கே வரவேற்பவர் பெயர் எழுதச் சொல்வார்கள். அடையாள அட்டையில் அந்தப் பெயர் உள்ளவரிடம் மட்டுமே பிள்ளையை ஒப்படைப்பார்கள். சித்தி பெயரை எழுதிவிட்டு, அவருக்கு வேலை என்று சித்தப்பா வந்து நின்றால் பிள்ளை கவுண்டரிலேயே காத்திருக்கும்.

பிள்ளையின் கைப்பையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு: பாஸ்போர்ட், ஸ்டடி பெர்மிட் ஒப்புதல் கடிதம், பள்ளிச் சேர்க்கைக் கடிதம், கட்டண ரசீது, ஐ.எம்.எம். 5646 இரண்டு பக்கத்தின் அசல், பிறப்புச் சான்றிதழ் நகல், தடுப்பூசி அட்டை, பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட ஆங்கிலப் பயண ஒப்புதல் கடிதம். அந்தக் கடிதத்தில் பெற்றோர் முகவரி, தொலைபேசி எண், கனடாவில் பார்த்துக்கொள்பவரின் பெயர், முகவரி, எண் எல்லாம் இருக்க வேண்டும். அவசர சிகிச்சைக்குக் கஸ்டோடியன் சம்மதம் தரலாம் என்று அதிலேயே ஒரு பத்தி சேர்த்துவிடுங்கள். பெட்டியில் போட்டுவிடாதீர்கள். அதிகாரியைப் பார்த்த பிறகுதான் பெட்டி கைக்கு வரும்.

11. டொராண்டோவின் பியர்சன் விமான நிலையத்தில்

ஊரில் வந்த ஒப்புதல் கடிதம் ஸ்டடி பெர்மிட் அல்ல. பெர்மிட்டை எல்லை அதிகாரி அங்கேதான் அச்சிட்டுத் தருவார். அதை வாங்காமல் வெளியே வந்துவிடக் கூடாது என்று பிள்ளைக்குச் சொல்லி அனுப்புங்கள்.

கேள்விகள் எளியவை: எங்கே தங்கப்போகிறாய், அவர் உனக்கு என்ன உறவு, எந்தப் பள்ளி, அம்மா அப்பா எங்கே. மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். உண்மையைச் சொல்லப் பழக்குங்கள். 'அங்கிள்' என்று பொதுவாகச் சொல்லும் பிள்ளையிடம், அம்மாவின் தம்பியா, அப்பாவின் நண்பரா என்று தெளிவாகச் சொல்லச் சொல்லுங்கள். அதிகாரி வெளியே நிற்கும் கஸ்டோடியனுக்கு போன் செய்வதுண்டு. அவர் போனில் சார்ஜ் இருக்கட்டும், தெரியாத எண்ணையும் எடுக்கட்டும்.

பெர்மிட் கைக்கு வந்ததும் பெயர், பிறந்த தேதி, முடிவுத் தேதி மூன்றையும் கவுண்டரை விட்டு நகரும் முன் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பிழையை அங்கேயே திருத்துவது ஐந்து நிமிடம். வீட்டுக்கு வந்தபின் திருத்த மாதக்கணக்கில் ஆகும்.

12. போய்ச் சேர்ந்த பின்

ஒன்டாரியோ அரசின் மருத்துவக் காப்பீடான ஓஹிப் ஸ்டடி பெர்மிட்டில் இருப்பவர்களுக்குக் கிடையாது. கல்வி வாரியக் கட்டணத்திலேயே தனியார் மருத்துவக் காப்பீடு சேர்ந்திருக்கிறதா, தனியாக வாங்க வேண்டுமா என்று பாருங்கள். அட்டையின் படம் கஸ்டோடியன் போனில் இருக்கட்டும். பல், கண்ணாடி இரண்டும் பெரும்பாலும் இதில் அடங்காது. ஊரிலேயே பார்த்துவிட்டு அனுப்புங்கள், கண்ணாடி போடும் பிள்ளைக்கு இரண்டு ஜோடி.

கஸ்டோடியன் இனி முடியாது என்று சொன்னால், புதியவரோடு ஐ.எம்.எம். 5646 மீண்டும் இரண்டு பக்கமும் புதிதாகப் போட வேண்டும். பள்ளிக்கும் தெரிவிக்க வேண்டும். இதை மறைத்து ஓட்டும் குடும்பங்கள் பெர்மிட்டை நீட்டிக்கும்போது மாட்டிக்கொள்கின்றன.

நீட்டிப்புக்கு முடிவுத் தேதிக்குக் குறைந்தது 30 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். என் ஆலோசனை மூன்று மாதம் முன்பே. கட்டணம் மீண்டும் 150 டாலர். அடுத்த ஆண்டுக் கட்டண ரசீதும் மதிப்பெண் அட்டையும் வருகைப் பதிவும் கேட்பார்கள். பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசாவும் ஸ்டடி பெர்மிட்டும் வெவ்வேறு. பெர்மிட் நீட்டிக்கப்பட்டாலும் விசா முடிந்திருக்கலாம். கோடை விடுமுறைக்கு ஊருக்கு டிக்கெட் எடுக்கும் முன் விசாவின் தேதியைப் பாருங்கள். முடிந்திருந்தால் கனடாவை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே புதிய விசாவுக்குப் போடுங்கள். இல்லையென்றால் செப்டம்பரில் வகுப்பு தொடங்கும்போது பிள்ளை சென்னையில் விசாவுக்குக் காத்திருக்கும்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரிக்குப் போகும்போது இதே பெர்மிட்டில் தொடர முடியாது. புதிய விண்ணப்பம், மாகாண உறுதிக் கடிதம், அப்போதைய கட்டணம் எல்லாம் வேண்டும். கல்லூரிச் சேர்க்கைக் கடிதம் வந்த வாரமே தொடங்குங்கள்.